பச்சை ஒட்டிய பெட்டி

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் அவளுடைய கால் இரண்டும் கல்லாய்ப் போயிருந்தன. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடியே டீ குடித்தாள்.

அலுவலகம் இடம் மாறிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பது கணினிகள். பழைய கட்டடத்தில் கழற்றி, துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றி, வண்டியில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து மறுபடி மாட்டவேண்டும். புதுக் கட்டடத்தில் லிஃப்டுக்கு இன்னும் அனுமதி வரவில்லை. ஆறு மாடியும் படிதான். சுமப்பது லோடுமேன்கள், மாட்டுவது அவள். கூட வேலை பார்த்தவன் இரண்டாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டது என்று வீட்டில் படுத்துவிட்டான்.

"ஒரு பெட்டியக்கூட தூக்கலியே, அவருக்கு எப்படிப் பிடிச்சுது ஒயரம்மா?" என்று கேட்டான் ஏணி. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் என்பதால் அந்தப் பெயர்.

"நம்மளப் பாத்தே பிடிச்சிருக்கும்" என்றான் மேஸ்திரி.

மேஸ்திரி அவளுடைய சொந்த அண்ணன். இதில் ஒளிவுமறைவு இல்லை. இடமாற்ற வேலைக்கு வரும் ஆட்களின் பட்டியல் வந்த அன்றே, 'உறவினர் எவரேனும் உளரா' என்ற கட்டத்தில் 'உடன்பிறந்த அண்ணன்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அப்பா சுமந்தார். அண்ணன் சுமக்கிறான். அவளை மட்டும் படிக்கவைத்தார்கள். அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் அவள். மூன்று நாளாக அந்த நாற்காலியும் இல்லை. மேசைக்கு அடியில், ஒயரும் தூசியுமாய்த்தான் பொழுது போனது. ஒயரம்மா என்ற பெயர் அப்படி வந்தது.

அந்த அலுவலகத்தில் இரண்டு வலை உண்டு. ஒன்று வெளிவலை. கடிதம், விடுப்பு விண்ணப்பம், வெளியுலகத்தோடு பேசுகிற எல்லாம் அதில் ஓடும். மற்றது உள்வலை. அது கட்டடத்தின் சுவரைத் தாண்டாது. அதில் இருப்பதெல்லாம் ரகசியம். உள்வலைக் கணினிக்குச் சிவப்பு ஸ்டிக்கர், வெளிவலைக் கணினிக்குப் பச்சை. சுவரில் ஒயர் செருகும் இடத்துக்கும் அதே நிறங்கள். சிவப்புப் பெட்டியின் ஒயர் பச்சைத் துளையில் ஒருநாளும் ஏறக்கூடாது. அவள் வேலையைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவள் படித்ததில்லை. தெரியாமலிருப்பது பாதி நிம்மதி.

ஸ்டிக்கரை மட்டும் நம்பக்கூடாது என்பதும் விதி. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் சின்னத் தகட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். குனிந்து அதைப் படித்து, பதிவேட்டில் தேடி, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டு, நேரம் எழுதி, அப்புறம்தான் மாட்டவேண்டும். முதல் நாள் ஒன்று விடாமல் பார்த்தாள். இரண்டாம் நாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் கடைசி வண்டியில் பன்னிரண்டு பெட்டிகள் வந்தபோது அவளால் குனிய முடியவில்லை. குனிந்தால் கண் இருட்டியது. ஸ்டிக்கரின் நிறத்தைப் பார்த்தாள், மாட்டினாள், டிக் போட்டாள். பன்னிரண்டுக்கும் அப்படித்தான்.

டீயை முடித்துவிட்டு நான்காம் மாடிக்கு ஏறினாள். வெளிவலைக் கூடத்தில் ஆள் யாரும் இல்லை. கடைசியாக மாட்டிய ஆறு கணினிகளும் வரிசையாக விழித்துக்கொண்டிருந்தன. ஐந்தின் திரை நீலம். ஆறாவதன் உச்சியில் ஒரு சிவப்புப் பட்டை ஓடியது.

அந்தப் பட்டை உள்வலைக் கணினிகளில் மட்டும்தான் வரும்.

அவள் ஓடவில்லை. ஓடக் காலில் தெம்பில்லை. நடந்துபோய் முழங்காலிட்டு, சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி மூன்று நிமிடம். பதிவேட்டைப் புரட்டினாள். மாட்டிய நேரம் ஒன்று இருபத்திரண்டு என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்தில் டிக்.

நாற்பத்தொரு நிமிடம்.

பெட்டியைத் திருப்பித் தகட்டைப் படித்தாள். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே சிவப்பு. பிரிவின் பெயரும் இருந்தது. அந்தப் பிரிவு என்ன செய்கிறது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாமல் வந்து சேதி சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் பேசுவது அவர்கள்தான். அந்த ஆட்களின் பெயர், வீடு, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கும். பழைய கட்டடத்தில் அவள் அந்த மேசைப் பக்கம் போனாலே அங்கிருந்த அதிகாரி திரையைக் கையால் மறைத்துக்கொள்வார்.

இப்படி நடந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். ஒயரைப் பிடுங்கு. பெட்டியை அணைக்காதே. எதையும் அழிக்காதே. உடனே போய்ச் சொல்.

சிவப்புப் பெட்டி ஒன்று பச்சையாகியிருக்கிறது என்றால், பச்சைப் பெட்டி ஒன்று சிவப்பாகி ஐந்தாம் மாடியில் உட்கார்ந்திருக்கவேண்டும். அதுவும் அப்போதுதான் உறைத்தது. மேலே போய், சிவப்புப் பட்டை ஓடாத பெட்டியைத் தேடிப் பிடுங்கினாள். இரண்டையும் இடம் மாற்றி, ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினால் பத்து நிமிட வேலை. கூடத்தில் ஆளில்லை. பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. இதையும் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

படியில் மேஸ்திரியும் ஏணியும் ஓர் இரும்பு அலமாரியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் மேஸ்திரி அலமாரியை இறக்கச் சொன்னான்.

"என்ன புள்ள, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"கடைசி வண்டியில ஸ்டிக்கரு ஏதாவது கழண்டுச்சா அண்ணே?"

மேஸ்திரி ஏணியைத் திரும்பிப் பார்த்தான். ஏணி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"கழண்டுச்சு. சுத்தின டேப்ப உரிக்கும்போது அதோட ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. நாலு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நல்லா துடைச்சு திரும்பி ஒட்டிட்டேன். கசங்கக்கூட இல்ல."

"எது எதுலன்னு தெரியுமா?"

"ஒண்ணுமில்லாம மொட்டையா நாலு பெட்டி இருந்துச்சு. ரெண்டு பச்ச, ரெண்டு செவப்பு கையில இருந்துச்சு. ஒவ்வொண்ணா ஒட்டினேன். நீங்கதான சொன்னீங்க, ஸ்டிக்கர் இல்லாத பெட்டி மேல ஏறக்கூடாது, ஏறினா திருப்பி இறக்கச் சொல்லிடுவேன்னு? ஆறு மாடி ஒயரம்மா. அதான் பாத்துப் பாத்து ஒட்டினேன்."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தவனின் முகம்தான் இருந்தது. அவள் அப்படிச் சொன்னது உண்மை. முதல் நாள் காலையில் வாசலில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள். ஸ்டிக்கர் இல்லாமல் வரக்கூடாது என்றாளே தவிர, கழன்றால் ஒட்டாதே, என்னைக் கூப்பிடு என்று சொல்லவில்லை. மூட்டையில் அடையாளம் போனால் வேறு அடையாளம் போட்டு ஏற்றுவதுதான் அவர்கள் பழக்கம். நிறத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நடந்ததைச் சொன்னாள். ஏணி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தும் அவள் தோளுக்கு இருந்தான்.

"நாலு ஒட்டினியா? அப்ப இன்னும் ரெண்டு மாறியிருக்குமா?" என்றான் மேஸ்திரி.

"திரையப் பாத்தா மாறல. தகட்டயும் பாக்கணும்" என்றாள்.

மேஸ்திரி அலமாரியின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"இந்தா பாரு. எங்க மேல போட்டுடு" என்றான்.

"என்னது?"

"லோடுமேனுங்க மாத்தி ஒட்டிட்டானுங்கன்னு சொல்லு. அது பொய்யும் இல்ல. ஆபீசர் எங்கள வெளிய போகச் சொல்வான். போறோம். சுமக்கிறவனுக்கு வேற வாசல் இல்லாமப் போயிடுமா? உனக்கு இது போனா அடுத்தது எவன் குடுப்பான்? அப்பா உன்ன இதுக்காடி படிக்கவச்சாரு?"

"தகட்டப் பாத்துருந்தா தெரிஞ்சிருக்கும் அண்ணே. நான் பாக்கல. பாத்தேன்னு டிக் போட்டிருக்கேன்."

"அது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன? வாய மூடிக்கிட்டு இரு."

அவள் ஏணியைப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்காமல், "சொல்லிடுங்க ஒயரம்மா. ஒட்டினது நான்தான்" என்றான்.

அவள் ஆறாம் மாடிக்கு ஏறினாள். இரண்டு படிக்கு ஒரு தரம் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். பின்னால் மேஸ்திரி ஏதோ முணுமுணுத்தான். அது திட்டாகத்தான் இருக்கும்.

பாதுகாப்பு அதிகாரியைப் பூட்டு சார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கழிவறைக் கதவைக்கூட இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அவர் அறையில் மேசை வந்திருந்தது, நாற்காலி வரவில்லை. ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாய் முகம் மழிக்கவில்லை.

அவள் நின்றபடியே சொன்னாள். நேரம், எண், பிடுங்கியது, அணைக்காமல் விட்டது, ஐந்தாம் மாடியில் இன்னொன்று, மாறியிருக்கக்கூடிய இரண்டு. அவர் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் தொலைபேசியை எடுத்து இரண்டே வாக்கியம் பேசினார். நான்காம் மாடிக் கூடத்தைப் பூட்டச் சொன்னார். வெளிவலையின் வாசலில் யார் வந்தார், யார் போனார் என்ற பதிவை அந்த நாற்பத்தொரு நிமிடத்துக்கு எடுக்கச் சொன்னார்.

"அந்தப் பெட்டிக்கு உள்பூட்டு போட்டிருந்துச்சா? கடவுச்சொல் இல்லாம யாரும் படிக்க முடியாத மாதிரி?"

"இல்ல சார். ரொம்பப் பழசு. அதுக்கு அது ஏறாது. போன வருஷமே மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன்."

அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"ஸ்டிக்கர மாத்தினது யாரு?"

"லோடுமேன் ஒருத்தர். தெரியாமத்தான் சார்."

"தெரிஞ்சோ தெரியாமலோ. பாதுகாப்பு அடையாளத்த வெளியாள் ஒருத்தன் தொட்டிருக்கான். அத அப்படியே எழுதிக் குடுங்க. அந்தக் கும்பல இன்னைக்கே நிறுத்திடலாம். விஷயம் அதோட முடிஞ்சுடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க அண்ணன்னு தெரியும். கஷ்டம்தான். ஆனா உங்களுக்கு அதான் நல்லது."

ஒரே நாளில் இரண்டு பேர் ஒரே யோசனையைச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் அவளுக்காகச் சொன்னார். இவர் யாருக்காகச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. சிவப்புக்கு ஒரு வண்டி, பச்சைக்கு ஒரு வண்டி என்பது உத்தரவு. அன்று காலையில் ஒரு வண்டி வழியில் நின்றுவிட்டது. மிச்சமிருந்த பன்னிரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றலாம் என்று கையெழுத்துப் போட்டவர் பூட்டு சார்.

காகிதத்தை வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்து, நின்றபடி எழுதினாள். எழுத்துக்கள் மேலும் கீழும் போயின.

'கடைசி வண்டியில் சிவப்பும் பச்சையும் ஒன்றாக வந்தன. டேப்பை உரித்தபோது நான்கு ஸ்டிக்கர்கள் கழன்றன. ஸ்டிக்கர் இல்லாமல் பெட்டி வரக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் சுமைக்காரர் அவற்றைத் திரும்ப ஒட்டினார். கழன்றால் என்னிடம் சொல்லவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தகட்டு எண்ணைப் பார்க்காமல் நான் பன்னிரண்டு பெட்டிகளையும் மாட்டினேன். சரிபார்த்ததாக டிக் போட்டேன். சரிபார்க்கவில்லை.'

கீழே கையெழுத்தும் நேரமும் போட்டு நீட்டினாள். அவர் ஒரு தரம் படித்தார். முதல் வரிக்குப் போய் மறுபடி படித்தார்.

"இந்த முதல் வரி வேணுமா?"

"நடந்தது அதான சார்."

"இந்தக் கடைசி வரி? இத எழுதலன்னா யாருக்கும் தெரியாது. நானே கேக்கல."

அவளுக்கு விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "ஏணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்" என்றாள். "தகட்டப் பாக்கவேண்டிய ஆளு அவரு இல்ல."

அவர் பேனாவை எடுத்தார். எதையும் அடிக்கவில்லை. 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கையை நீட்டினார். அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள்.

"விசாரணை முடியிறவரைக்கும் மேல வரமுடியாது. கீழ வரவேற்பறையில இருங்க. கேள்வி வந்தா கூப்பிடுவாங்க."

"சரி சார்."

"அந்த ஆளையும் மேல விடமுடியாது. வாசல்ல இறக்கறதோட நிக்கட்டும். மத்தவங்க வேலை பாக்கட்டும்."

"சரி சார்."

"போய் உக்காருங்கம்மா" என்றார். "நிக்கவே முடியல உங்களால."

வரவேற்பறையிலும் நாற்காலி வந்து சேரவில்லை. சாமான் சுற்றி வந்த பழைய கம்பளிகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. அதன் மேல் உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். வெயில் சன்னலைவிட்டு இறங்கிப் போயிருந்தது. மேஸ்திரி பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். ஏணி கொஞ்சம் தள்ளி, சுவரோடு நின்றான்.

"வாயில ஈ போனாக்கூடத் தெரியாம தூங்குற. சொல்லிட்டியாமே" என்றான் மேஸ்திரி.

"ம்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"பைத்தியக்காரி." மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் போட்டான். ரொட்டி. "தின்னு. உங்க அண்ணி போன் பண்ணி ஏன் ரெண்டு பேரும் எடுக்கலன்னு கத்துறா. நான் ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து நீயே சொல்லிக்க."

"எங்கள வெளிய அனுப்பல ஒயரம்மா" என்றான் ஏணி. "எனக்கு மட்டும் படி கிடையாதாம். நல்லதாப் போச்சு, முட்டி வலி கொறையும்." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ரெண்டாவது ஜோடி மாறலியாம். மேல இருந்து வந்த பையன் சொன்னான். அது சரியாத்தான் ஒட்டியிருந்தேனாம்."

அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். மெல்லுவதே ஒரு வேலையாக இருந்தது.

படியில் பூட்டு சார் இறங்கி வந்தார். கையில் ஒரு தாள். மேஸ்திரி எழுந்து நின்றான். அவளும் எழப் பார்த்தாள். இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஒரே கேள்வி. மாட்டின நேரம் ஒண்ணு இருபத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. அது சரியான நேரம்தானா? டிக்கு மாதிரி இல்லையே?"

அது குத்தல் இல்லை. அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

"கடிகாரத்தப் பாத்துத்தான் சார் எழுதினேன். அது சரி."

அவர் தாளைப் பார்த்தபடி நின்றார்.

"ஒண்ணு முப்பத்தாறுக்கு வெளியிலேர்ந்து யாரோட கணினியோ ஒண்ணு வந்து அந்தப் பெட்டியத் தட்டிப் பாத்துருக்கு. ஒரு மாசம் கழிச்சுத் தேடியிருந்தா இந்தப் பதிவே அழிஞ்சிருக்கும்." சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது போல நிறுத்தினார். மேஸ்திரியையும் ஏணியையும் பார்த்தார். ஆனாலும் களைப்பு அவரை விடவில்லை. "எடுத்துச்சா, சும்மா எட்டிப் பாத்துட்டுப் போச்சான்னு தெரியல. தெரிய நாளாகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. அந்தப் பெட்டியில இருக்கறது பதினாறு குடும்பம். இன்னைக்கே எல்லாரையும் வேற வீட்டுக்கு மாத்தணும்."

வந்த வழியே படியேறினார். முதல் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவது கேட்டது.

பதினாறு வீடு என்றால் என்ன என்று அந்த மூவருக்கும் தெரியும். வாழ்க்கை முழுவதும் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். கட்டிலைக் கழற்றுவது. பாத்திரத்தைத் துணியில் சுற்றுவது. எதை விட்டுப் போவது என்று புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் நின்று சண்டை போடுவது. பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அழைத்துவந்த பிள்ளை, ஏன் என்று கேட்டுக்கொண்டே பின்னால் நடப்பது. யாராலே என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அவளுக்குத் தெரியும். அவள் குனியாததால்.

"நீ சொல்லாம விட்டிருந்தா அவங்க அங்கயே இருந்திருப்பாங்க" என்றான் மேஸ்திரி. அதைக் குறையாகச் சொன்னானா நிறையாகச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

"ம்" என்றாள்.

"பதினாறு வீடுன்னா, சின்ன வண்டியா இருந்தாலும் குறைஞ்சது எட்டு வேணும். ஆளு இருபது. இந்த நேரத்துல எங்க போய்ப் பிடிப்பாங்க? நம்ம பசங்கள அனுப்பவான்னு அவருகிட்டக் கேக்கவா?"

"எந்த வீடுன்னு நமக்குச் சொல்லமாட்டாங்கண்ணே."

மேஸ்திரி தலையை ஆட்டினான். வெளியே வண்டிக்காரன் ஹாரனை அடித்தான். இன்னும் பதினான்கு அலமாரிகள் வாசலில் நின்றன. மேஸ்திரி தோள் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு படியைப் பார்த்து நடந்தான். ஏணி வாசலோடு நின்றான்.